அமெரிக்காவின் நடுத்தர நகரங்கள்: டவுன்டவுனை எந்தக் கோலால் அளப்பது?

"வாழச் சிறந்த நடுத்தர நகரங்கள்" என்ற தலைப்பில் அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றில் முதல் வரிசையில் நிற்கும் ஊர் இன்னொன்றில் தேடினாலும் கிடைக்காது. 2020-க்குப் பிறகு அலுவலகங்கள் காலியானதும் குழப்பம் இன்னும் கூடியது. ஒரே ஊரின் டவுன்டவுன், அதாவது கடைகளும் அலுவலகங்களும் நெருங்கிய ஊர் மையம், செத்துவிட்டது என்று ஒரு செய்தி வரும், மீண்டுவிட்டது என்று மறுநாளே இன்னொன்று வரும். இரண்டுமே புள்ளிவிவரத்தோடுதான் வரும்.

இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எந்தக் கோட்டுக்குள் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும். இந்தக் கட்டுரை அந்த அளவுகோல்களிலிருந்து தொடங்கி, டவுன்டவுன்கள் எப்படிக் காலியாயின, எவை எப்படி மீண்டன, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று போகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து டவுன்டவுனை மதிப்பிடுவது தவறு. அங்கே குடியிருப்பவர்களை எண்ண வேண்டும்.

மூன்று எல்லைகள், மூன்று விடைகள்

ஒரு நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டால் அமெரிக்காவில் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்.

1. நகராட்சி எல்லை. மேயரும் கவுன்சிலும் நிர்வகிக்கும் பரப்பு. சொத்து வரி, போலீஸ், கட்டட விதிகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

2. மெட்ரோ பகுதி. இதை வரையறுப்பது மத்திய அரசு. குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்பகுதி மையமாக இருக்க வேண்டும். அங்கே தினமும் வேலைக்குப் போய்வருவோர் போதிய அளவில் உள்ள சுற்றுவட்டக் கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அதோடு சேரும்.

3. உள்நகரம். டவுன்டவுனும் அதை ஒட்டி நடந்து போகக்கூடிய பழைய குடியிருப்புகளும். இதற்குச் சட்டப்படி எல்லை கிடையாது. நகர வாழ்க்கை என்று நாம் மனத்தில் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லையும் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கையும் எடுத்துக்கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாக்சன்வில் நகராட்சியில் 9,49,611 பேர், பிட்ஸ்பர்க் நகராட்சியில் 3,02,971 பேர். மூன்று மடங்கு வித்தியாசம். மெட்ரோவைப் பார்த்தால் கதை மாறுகிறது: ஜாக்சன்வில்லுக்குச் சுமார் 16 லட்சம், பிட்ஸ்பர்க்குக்குச் சுமார் 23.7 லட்சம். காரணம் எளிது. 1968-ல் ஜாக்சன்வில் தன் கவுன்டியோடு இணைக்கப்பட்டது. இன்று அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 750 சதுர மைல், அதற்குள் காடும் சதுப்பு நிலமும் உண்டு. பிட்ஸ்பர்க் சுமார் 55 சதுர மைலில் அடங்கிவிடுகிறது. நாஷ்வில் 1963-லும், இண்டியானாபொலிஸ் 1970-லும், லூயிவில் 2003-லும் இப்படிக் கவுன்டியோடு இணைந்தவை. ஆகவே நகராட்சி எல்லையை வைத்துப் "பெரிய நகரம்", "நடுத்தர நகரம்" என்று பிரிப்பது, அந்தந்த மாநிலச் சட்டசபை எப்போது எந்த மசோதாவை நிறைவேற்றியது என்பதை அளப்பதற்குச் சமம்.

இதே சிக்கல் குற்ற விகிதத்திலும் வருகிறது. செயின்ட் லூயிஸ் நகரம் 1876-ல் தன் கவுன்டியிலிருந்து பிரிந்துகொண்டது. அன்று வகுத்த சுமார் 62 சதுர மைல் எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. 28 லட்சம் பேர் வாழும் மெட்ரோவின் மையம் அது. ஆனால் நகராட்சிக்குள் இருப்பவர்கள் சுமார் 3 லட்சம்தான். வெளியிலிருந்து வேலைக்கும் பேஸ்பால் ஆட்டத்துக்கும் வந்துபோகிறவர்கள் மீது நடக்கும் குற்றமும் அந்த 3 லட்சத்தால்தான் வகுக்கப்படுகிறது. அமைதியான புறநகர்கள் கணக்கிலேயே வராது. குற்றப் பட்டியல்களில் செயின்ட் லூயிஸ் திரும்பத் திரும்ப மேலே வருவதில் இதற்கும் பங்கு உண்டு. அங்கே குற்றமே இல்லை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. கவுன்டியோடு இணைந்த ஊரோடு அதை நேருக்கு நேர் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

மக்கள் அடர்த்தியும் இப்படித்தான் ஏமாற்றும். பத்துச் சதுர மைல் ஊர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு சதுர மைலில் 10,000 பேர், மீதி ஒன்பதில் ஒவ்வொன்றிலும் 1,000 பேர். சராசரி அடர்த்தி 1,900. ஆனால் அங்கே வாழும் ஒவ்வொருவரையும் கேட்டு, "உன்னைச் சுற்றி எத்தனை பேர்?" என்று சராசரி எடுத்தால் சுமார் 5,700 வரும். இதை எடையிட்ட அடர்த்தி என்பார்கள். ஊரின் எல்லை பெரிதா சிறிதா என்பது இதை அவ்வளவாகப் பாதிக்காது. நடந்து வாழும் வாழ்க்கைக்கு எந்த ஊர் தோது என்று தெரிய வேண்டுமானால் சராசரியைவிட இதுதான் உதவும்.

டவுன்டவுன் எங்கே முடிகிறது?

டவுன்டவுனுக்கும் பொது வரையறை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 2012-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை, சிட்டி ஹாலிலிருந்து எந்தத் திசையிலும் இரண்டு மைல் தூரத்துக்குள் இருப்பதை டவுன்டவுன் என்று வைத்துக்கொண்டது. பெருநகருக்கு அது பொருந்தும். இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில் இரண்டு மைல் என்றால் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள்வரை போய்விடும். வணிகர் சங்கங்கள் தங்களுக்குத் தோதான கோட்டைப் போட்டுக்கொள்கின்றன.

சின்சினாட்டியில் நடந்தது நல்ல உதாரணம். குரோகர் என்ற மாபெரும் சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் தலைமையகமே அங்கே டவுன்டவுனில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் 1969-க்குப் பிறகு டவுன்டவுனுக்குள் அதற்கு ஒரு கடைகூட இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில்தான் கோர்ட் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் முனையில் ஒன்றைத் திறந்தார்கள். கீழே கடை, அதன் மேல் சில தளங்களுக்குப் பார்க்கிங், அதற்கும் மேலே 139 அபார்ட்மென்ட்டுகள். செய்திகள் கொண்டாடின. அதே சமயத்தில், சில தெரு வடக்கே, ஓவர்-தி-ரைன் பகுதியில் பல காலமாக இருந்த சிறிய குரோகர் மூடப்பட்டது. ஓவர்-தி-ரைனை டவுன்டவுனோடு சேர்த்தால் நடந்தது ஒரு கடையின் இடமாற்றம். சேர்க்காவிட்டால் அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மறுமலர்ச்சி. ஒரு கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

காலியானது எப்படி

1950-கள்வரை இந்த ஊர்களின் டவுன்டவுனில் பல்பொருள் அங்காடி, சினிமா, வங்கி, ஹோட்டல், வீடு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பிறகு மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன.

1. 1949 வீட்டுவசதிச் சட்டம். சேரி அகற்றல் என்ற பெயரில் டவுன்டவுனை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளை நகராட்சிகள் மத்திய அரசின் பணத்தில் கையகப்படுத்தி இடித்தன. இடித்த வேகத்தில் திருப்பிக் கட்டவில்லை. இழந்தவர்களில் கறுப்பின மக்கள் மிக அதிகம்.

2. 1956 நெடுஞ்சாலைச் சட்டம். செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே கொடுத்ததால் வேண்டாம் என்று சொன்ன ஊர்கள் குறைவு. புறநகர்க்காரர்கள் கடைக்கு வர ஃப்ரீவே (சிக்னல் இல்லாத விரைவுச்சாலை) உதவும் என்று டவுன்டவுன் வியாபாரிகளே ஆதரித்தார்கள். அதே சாலை அவர்களை ஊருக்கு வெளியே இருந்த மாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

3. பார்க்கிங். மிச்சமிருந்த கட்டடங்களில் பல, ஒவ்வொன்றாகக் கார் நிறுத்துவதற்காக இடிக்கப்பட்டன.

பதற்றத்தில் ஊர்கள் கையாண்ட வைத்தியங்களும் எடுபடவில்லை. மிச்சிகனின் கலமாசூ 1959-ல் கடைத்தெருவில் கார் போவதைத் தடுத்து, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. நாட்டிலேயே முதல் முயற்சி. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. 1998-ல் கலமாசூவே தன் தெருவின் ஒரு பகுதியில் மறுபடியும் காரை அனுமதித்தது. ஃபிரெஸ்னோவின் ஃபுல்டன் மாலும் 1964-லிருந்து 2017-க்குள் இதே சுற்றைச் சுற்றி வந்தது. தப்பியவை போல்டரின் பேர்ல் தெரு, பர்லிங்டனின் சர்ச் தெரு போன்றவை. இவை அருகிலேயே பல்கலைக்கழகம் உள்ள ஊர்கள், அதாவது நடந்தே கடைத்தெருவுக்கு வரும் ஆட்கள் உள்ள ஊர்கள். காரை விலக்கினால் மட்டும் ஆள் வந்துவிடாது.

டெமாய்ன் வேறு வழியில் போனது. இரண்டாம் மாடி உயரத்தில் கட்டடங்களை இணைக்கும் மூடிய பாலங்களைச் சுமார் நான்கு மைலுக்குக் கட்டியது. அயோவாவின் பனிக்காலத்தில் காப்பீட்டு நிறுவன ஊழியருக்கு அது வரம்தான். ஆனால் மதிய உணவுக் கூட்டம் மேலே போனதால் கீழே தெருவோரக் கடைகள் வாடின. சின்சினாட்டி தன் பாலங்களைப் பின்னாளில் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்தது.

வருகிறவர்களும் இருக்கிறவர்களும்

டவுன்டவுனில் ஒரு நாளில் மூன்று வகையினரைப் பார்க்கலாம்: அலுவலக ஊழியர், வந்துபோகிறவர், குடியிருப்பவர். பெரும்பாலான நடுத்தர நகரங்கள் அரை நூற்றாண்டாக முதல் இரு வகையை நம்பியே திட்டமிட்டன. ஊழியர் மாலை ஐந்தரைக்குக் காரை எடுப்பார். விளையாட்டு ரசிகர் ஆட்டம் முடிந்ததும் போய்விடுவார். சலூன், மருந்துக்கடை, சலவைக்கடை, காய்கறிக் கடை ஆகிய நான்கும் இந்த இருவரை வைத்துப் பிழைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கும் ஞாயிறு காலையிலும் ஆள் இருந்தால்தான் அவை நிற்கும்.

2020-ல் வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் இது வெளிச்சத்துக்கு வந்தது. டொரண்டோ, பெர்க்லி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2022-ல் 62 நகரங்களின் டவுன்டவுனில் செல்பேசி நடமாட்டத்தை 2019-ஓடு ஒப்பிட்டார்கள். சால்ட் லேக் சிட்டி முதலிடம், பேக்கர்ஸ்ஃபீல்டும் ஃபிரெஸ்னோவும் மேலே, சான் பிரான்சிஸ்கோ கடைசி. இதைப் பார்த்து நடுத்தர நகரங்கள் வென்றுவிட்டன என்று சிலர் எழுதினார்கள். அந்தப் பட்டியல் அளந்தது தன் பழைய நிலையோடு ஒப்பிட்ட மீட்சியை. 2019-லேயே கணினித் துறை ஊழியர்கள் அதிகம் இல்லாத டவுன்டவுனுக்கு இழக்கவும் அதிகம் இல்லை. பட்டியலில் மேலே வந்ததால் ஃபிரெஸ்னோவின் நடைபாதை சான் பிரான்சிஸ்கோவைவிட நிரம்பியிருக்கிறது என்று ஆகிவிடாது.

வந்துபோகிறவர்களை நம்பிப் பெரிய முதலீடு செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சாஸ் சிட்டியைப் பார்க்கலாம். 2000-களில் பவர் அண்ட் லைட் என்ற கேளிக்கை வளாகத்துக்காக நகராட்சி ஏறத்தாழ 30 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. வளாகத்தில் வசூலாகும் வரியே கடனை அடைத்துவிடும் என்பது கணக்கு. வசூல் எட்டவில்லை. பல ஆண்டுகள் நகராட்சி தன் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் போட்டு ஈடுகட்டியது. வளாகம் ஒன்றும் பாழாகப் போகவில்லை, கூட்டம் வந்தது. அதைச் சுற்றிப் பிறகு குடியிருப்புக் கோபுரங்கள் எழுந்தன, 2016-ல் கட்டணமில்லாத ஸ்ட்ரீட்காரும் (டிராம்) ஓடத் தொடங்கியது. இந்த இரண்டும் முதலில் வந்திருந்தால் அந்தக் கடன் இவ்வளவு உறுத்தியிருக்காது என்பது என் எண்ணம்.

கார் நிற்கும் நிலம்

ஒரு கார் நிறுத்த, வந்துபோகும் பாதையையும் சேர்த்தால், 300 முதல் 350 சதுர அடி வேண்டும். பழைய விதிகளில் 1,000 சதுர அடி அலுவலகத்துக்கு நான்கு இடம் என்பது சாதாரணம். அதாவது அலுவலகத்தைவிட அதன் கார்களுக்கு அதிக இடம். இதை ஒரு தெரு முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். கட்டடங்களுக்கு இடையே தூரம் கூடும். நடக்கத் தோன்றாது. நடக்காததால் கார் தேவைப்படும், காருக்கு மேலும் இடம் தேவைப்படும்.

இந்தக் கட்டாயத்தைத் துணிந்து உடைத்த நடுத்தர நகரம் பஃபலோ. 2017-ல் வந்த புதிய கட்டட விதித்தொகுப்பில், ஊர் முழுவதும் குறைந்தபட்ச பார்க்கிங் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பார்க்கிங் தடை செய்யப்படவில்லை, எவ்வளவு வேண்டும் என்பது கட்டுகிறவர் முடிவு. அதன்பின் வந்த பெரிய திட்டங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதித் திட்டங்கள் பழைய விதி கேட்டிருக்கும் அளவைவிடக் குறைவாகவே கட்டியிருந்தன. மிச்சமான பணத்தில் பழைய சிறு கட்டடங்களைப் புதுப்பிப்பது கட்டுப்படியாகும். இடிக்கவும் தேவையில்லை.

நிலத்தை ஏக்கர் கணக்கில் பார்த்தால் நகராட்சியின் பணப்பைக்கும் இதில் சம்பந்தம் இருப்பது தெரியும். வட கரோலினாவின் ஆஷ்வில்லில் செய்த ஒரு கணக்கு நகரத் திட்டமிடுவோரிடையே பிரபலம். ஊரோரம் 34 ஏக்கரில் இருந்த வால்மார்ட் ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி கட்டியது. டவுன்டவுனில் ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத மனையில், நீண்ட காலம் பூட்டிக் கிடந்து புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய அங்காடிக் கட்டடம் ஏக்கர் கணக்கில் 6,34,000 டாலர் கட்டியது. இந்தக் கணக்கில் ஒரு சாய்வு உண்டு: டவுன்டவுன் கட்டடத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்தும் நிலம் வேறெங்கோ இருக்கிறது, அது இந்த ஏக்கர் கணக்கில் சேரவில்லை. அதைச் சேர்த்தாலும் நூறு மடங்கு இடைவெளி மறைந்துவிடாது. சாலை, குழாய், தீயணைப்பு எல்லாம் ஏக்கர் கூடக் கூடச் செலவு கூடும் விஷயங்கள்.

சில ஊர்கள் ஃப்ரீவேயையே திரும்பப் பெற்றன. மில்வாக்கி 2002-ல் பார்க் ஈஸ்ட் என்ற உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கியது. ராசெஸ்டர், டவுன்டவுனைச் சுற்றிப் பள்ளத்தில் ஓடிய இன்னர் லூப்பின் கிழக்குப் பகுதியை மண் கொட்டி நிரப்பி, 2017-ல் சாதாரணத் தெருவாக்கியது. பள்ளம் இருந்த இடத்தில் இன்று அபார்ட்மென்ட்டுகள் நிற்கின்றன.

வறுமை காப்பாற்றிய கட்டடங்கள்

அலுவலகக் கட்டடம் காலி என்றால் வீடாக மாற்றிவிடலாமே என்பது பலரின் கேள்வி. விடை ஜன்னலில் இருக்கிறது. குளிர்சாதனம் வருவதற்கு முன் கட்டியவை காற்றும் வெளிச்சமும் வேண்டிக் குறுகலாகக் கட்டப்பட்டவை. எந்த அறைக்கும் ஜன்னல் வைக்க முடியும். 1970-களுக்குப் பின் வந்த கோபுரங்களின் தளங்கள் மிக அகலம். நடுவில் வீடு போட்டால் படுக்கையறைக்கு ஜன்னல் இராது.

செயின்ட் லூயிஸில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே பார்க்கலாம். வாஷிங்டன் அவென்யூவில் செருப்பு, ஆடை வியாபாரத்தின் பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. மிசௌரி மாநிலம் 1998 முதல் பழங்கட்டடப் புதுப்பிப்புச் செலவில் 25 சதவீதத்தை வரிச்சலுகையாகத் தந்தது. மத்திய அரசின் 20 சதவீதமும் சேர, கிடங்குகள் லாஃப்ட் வீடுகளாயின. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் 44 மாடி ஏடி அண்ட் டி கோபுரம், 1986-ல் கட்டியது. 2006-ல் 20 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. நிறுவனம் 2017-ல் காலி செய்தது. 2024-ல் விற்றபோது விலை சுமார் 36 லட்சம் டாலர். சதுர அடிக்கு மூன்று டாலர்கூட இல்லை. வாங்கியவர் என்ன செய்யப்போகிறார் என்பதைவிட, அந்த விலைக்கு வந்த பிறகும் மாற்றம் ஏன் சுலபமாக இல்லை என்பதே கவனிக்க வேண்டியது.

ஆகவே 1920-களில் செழித்து, பின்னர் நலிந்த ஊர்களுக்கு ஒரு வினோதமான அனுகூலம் வாய்த்தது. இடிக்கப் பணமில்லாததால் மிஞ்சிய கட்டடங்களே இன்று அவற்றின் சொத்து. சின்சினாட்டி, பஃபலோ, செயின்ட் லூயிஸ் இந்த வகை. பின்னால் வளர்ந்த தெற்கு, மேற்கு ஊர்கள் பெரும்பாலும் பார்க்கிங் நிலத்தில் புதிதாகத்தான் கட்ட வேண்டும். புதிய கட்டடத்தின் வாடகை முதல் நாளிலிருந்தே அதிகம்.

கிரீன்வில்லும் ஓக்லஹோமா சிட்டியும்

தென் கரோலினாவின் கிரீன்வில் நகராட்சியில் 2020-ல் வெறும் 70,720 பேர். நகராட்சிக் கணக்கில் அது சிற்றூர். மெட்ரோவிலோ சுமார் 9.3 லட்சம் பேர். டவுன்டவுன் அந்த 9.3 லட்சத்துக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல், இவ்வளவு சின்ன ஊருக்கு இப்படி ஒரு கடைத்தெருவா என்று வியப்பவர்கள் நிறைய.

1970-களின் மேயர் மேக்ஸ் ஹெல்லர் வியன்னாவில் பிறந்தவர், 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து சட்டை உற்பத்தி செய்தவர். ஐரோப்பியக் கடைத்தெரு எப்படி இருக்கும் என்பது அவருக்கு நேரில் தெரியும். நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரினின் திட்டப்படி மெயின் ஸ்ட்ரீட்டின் நான்கு தடங்கள் இரண்டாயின. நடைபாதை அகன்றது, மரம் நட்டார்கள். அன்று நட்ட மரங்களின் நிழலில்தான் இன்றைய ஓட்டல் மேசைகள். 1982-ல் ஹயாட் ஹோட்டல் ஒரு முனையில் வந்தது. மறுமுனையில் ரீடி ஆற்றின் அருவி, 1960-ல் கட்டிய கார்ப் பாலத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. பாலத்தை இடித்து, 2004-ல் வளைந்த நடைப் பாலமும் பூங்காவும் திறந்தார்கள். இரு முனைகளுக்கும் நடுவே தெரு தானாக நிரம்பியது. கவனிக்க: தெருவைக் குறுக்கியதிலிருந்து அருவி வெளிப்படும்வரை சுமார் 25 ஆண்டுகள், பல மேயர்கள். ஒரே தேர்தல் காலத்தில் டவுன்டவுனை மாற்றிக் காட்டுவேன் என்பவரை நம்பாமல் இருக்க இது ஒன்றே போதும்.

ஓக்லஹோமா சிட்டியின் பாதை வேறு. 1991-ல் யுனைடெட் விமான நிறுவனத்தின் பராமரிப்பு மையத்துக்காகச் சலுகைகளை அள்ளிக்கொடுத்தும் அது இண்டியானாபொலிஸுக்குப் போனது. ஊழியர்களை இந்த ஊரில் குடியிருக்கச் சொல்ல நிறுவனத்துக்கு மனமில்லை என்று மேயருக்குத் தெரியவந்தது. 1993-ல் மேப்ஸ் என்ற திட்டத்தை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள்: ஒரு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். வசூலாகும் பணத்தில்தான் கட்டுவது, கடன் இல்லை. பேஸ்பால் அரங்கு, கால்வாய், நூலகம், உள்ளரங்கு எல்லாம் வந்தன. வறண்டு கிடந்த ஆற்றில் தண்ணீர் தேக்கினார்கள். அதற்கு முன் படுகையில் முளைத்த புல்லை நகராட்சி வெட்ட வேண்டியிருக்கும். புல் வெட்டும் ஆறு என்று உள்ளூரில் கேலியே உண்டு. (யுனைடெட் 2003-ல் இண்டியானாபொலிஸ் மையத்தையும் மூடிவிட்டது என்பது தனிக்கதை.) மேப்ஸில் முதல் சுற்று வந்துபோகிறவர்களுக்கான கட்டடங்களாகவே இருந்தது. ஸ்ட்ரீட்கார் 2018-லும், பெரிய பூங்கா 2019-லும்தான் வந்தன. ஆனால் கடனில்லாமல் கட்டியதால் கான்சாஸ் சிட்டிக்கு வந்த தலைவலி வரவில்லை. 600 சதுர மைல் ஊரில் இன்னும் பெரும்பாலோர் காரில்தான் போய்வருகிறார்கள் என்பதும் உண்மை.

பணம் எங்கிருந்து, சுமை யார்மேல்

டவுன்டவுன் திட்டங்களில் அடிக்கடி வரும் சொல் டிஃப், அதாவது வரி உயர்வு நிதியம். ஒரு பகுதியின் சொத்து வரி வருமானத்தை இன்றைய அளவில் நிறுத்திவைப்பார்கள். வளர்ச்சியால் இனி கூடுதலாக வருவது அந்தப் பகுதித் திட்டத்துக்கே போகும், பல ஆண்டுகளுக்கு. எப்படியும் நடந்திருக்கும் வளர்ச்சிக்கும் இப்படிக் கொடுத்தால் பள்ளிக்கூடங்களுக்கு வர வேண்டியது குறைந்துபோகும். எனவே டிஃப் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. அது இல்லாமல் அந்த மனையில் யாராவது கட்டியிருப்பார்களா என்று கேட்க வேண்டும்.

வாடகை அடுத்த விஷயம். ஓவர்-தி-ரைனில் 2001-ல் போலீஸ் சுட்டு ஒரு கறுப்பின இளைஞர் இறந்ததை ஒட்டிக் கலவரம் வெடித்தது. 2003-ல் ஊரின் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 3சிடிசி என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கின. காலிக் கட்டடங்களை மொத்தமாக வாங்கிப் புதுப்பித்து, 2012-ல் வாஷிங்டன் பூங்காவையும் புதுப்பித்துத் திறந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் பிழைத்தன. பல காலம் அங்கே இருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் பல வாடகை ஏறியதில் வெளியேறின. கட்டடத்தைக் காப்பாற்றும் வரிச்சலுகையோடு, குடியிருப்பவரைக் காப்பாற்றும் ஏற்பாடு அதே அளவில் வரவில்லை. அங்கே சரியாகக் கையாளப்படாதது இதுதான்.

ஊர்களை ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை

1. எந்த எல்லை? வேலைவாய்ப்பு, விமான இணைப்பு, மருத்துவமனை ஆகியவற்றுக்கு மெட்ரோவைப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் வேலை தேடுவதானால் இதுவே முதல் கேள்வி. வரிக்கும் பள்ளிக்கும் நகராட்சியும் பள்ளி மாவட்டமும். அன்றாட வாழ்க்கைக்கு உள்நகரம் மட்டும்.

2. டவுன்டவுனில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், அந்த எண் எந்தத் தெருக்களுக்குள் எடுத்தது?

3. தொடர்ச்சி இருக்கிறதா? நல்ல தெருக்கள் மூன்று, நடுவில் பார்க்கிங் நிலங்களும் ஃப்ரீவேக்கு அடியில் நடக்கும் இருட்டும் என்றால், அது மூன்று தனித்தனித் தீவு. மேலிருந்து எடுத்த வரைபடப் படத்தில் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டியலில் தெரியாது.

4. வீடுகளின் அளவு. புதிய டவுன்டவுன் கட்டடங்களில் பெரும்பாலும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளே. குழந்தை பிறந்ததும் புறநகருக்குப் போகும் கூட்டத்தை மட்டும் வைத்து ஓடும் டவுன்டவுன், வாடகைக்காரர்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும்.

5. நகராட்சியின் வருமானம் எதிலிருந்து? செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி இரண்டிலும், ஊருக்குள் வேலை செய்கிறவர் சம்பளத்தில் ஒரு சதவீதம் நகராட்சிக்கு. ஒஹாயோ நகரங்களும் வருமான வரியை நம்பியிருக்கின்றன. புறநகர் ஊழியர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் அந்த வரி போய்விடும். மற்ற ஊர்களில் அடி சொத்து வரி வழியாக வரும்: கோபுரத்தின் விலை சரிந்தால் மதிப்பீடும் சரியும், பள்ளத்தை நிரப்ப வீடுகளின் வரி ஏறும், அல்லது குப்பை வண்டியும் நூலக நேரமும் குறையும். இது குடியேறிய ஆண்டில் தெரியாது. அலுவலகக் குத்தகைகள் நீண்ட காலத்துக்கு எழுதப்பட்டவை. 2020-க்கு முன் கையெழுத்தானவற்றில் பல இன்னும் முடியவே இல்லை.